அமைதிக்கரைக் கோபுரத்தில் இரண்டு ரோஜாத் தட்டுகள்

பகோடா பார்க்கப் போகிறேன் என்று அம்பாசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பக்கோடா திங்கவா அம்புட்டு தூரம் போற? வெங்காயம் அரிஞ்சு வீட்லயே போட வேண்டியதுதானே" என்றாள். புத்தர் கோயில், அடுக்கடுக்காகக் கோபுரம் வைத்திருப்பார்கள் என்று விளக்கியதும் சிரித்தாள். பிறகு, "புத்தர் கோயில்ல நமக்கு என்ன சோலி?" என்று கேட்டாள். ஜெர்மனிக்கு வந்து ஐந்து வருடத்தில் தேவாலயங்கள் பார்த்தாயிற்று, கோட்டைகள் பார்த்தாயிற்று. ஒரு தொழிற்பேட்டைக்கு நடுவில் ஏழு நிலைக் கோபுரம் நிற்கிறது என்று கேள்விப்பட்டால் போய்ப் பார்க்காமல் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை காலை ஏழரை மணிக்கு டார்ம்ஸ்டாட்டிலிருந்து கிளம்பினோம். காசல் நகருக்கு இருநூற்றிருபது கிலோமீட்டர். காரும் என்னுடையதல்ல, ஓட்டுவதும் நானல்ல. இந்திய ஓட்டுநர் உரிமம் இங்கே ஆறு மாதத்துக்குத்தான் செல்லும். அதற்குப் பிறகு எழுதிய தேர்வில் வலப்பக்கம் வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்பதை மறந்து தோற்றுப்போனவள் நான். ஓட்டியவர் வதனி அக்கா.

வதனி அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. பத்து வயதில் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னியிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். டார்ம்ஸ்டாட்டில் சொந்தமாக ஒரு இயன்முறை சிகிச்சை நிலையம் நடத்துகிறார். கணினி முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்ப முடியாமல் போய் அவரிடம் சேர்ந்தேன். கழுத்து சரியாகிவிட்டது, பழக்கம் நிலைத்துவிட்டது. அவரிடம் தோள்வலிக்கு வந்த இன்னொருவர்தான் மாய். வியட்நாமிலிருந்து அகதியாக வந்து, டார்ம்ஸ்டாட்டில் பூக்கடை வைத்திருக்கும் அறுபது வயதுக்காரர். தோள் குணமான நன்றிக்கு, தாய்மாருக்கான விழாவுக்குத் தங்கள் பகோடாவுக்கு வரும்படி வருடாவருடம் அக்காவை அழைப்பார். அக்கா ஒருமுறைகூடப் போனதில்லை. இந்த வருடம் நான் போகிறேன் என்று சொன்னதால் ஒரு நிபந்தனையோடு வந்தார்.

"நான் உங்களை இறக்கிப்போட்டுக் காருக்குள்ள இருப்பன், கோமதி. உள்ளுக்கு வரமாட்டன். மாய்க்கும் சொல்லிப்போட்டன்."

"ஏன்க்கா? ஜஸ்ட் பார்த்துட்டு வந்துடலாமே."

"பாக்கிற ஆக்கள் பாக்கட்டும்."

ஃபிராங்ஃபுர்ட்டைக் கடந்து கீசன் வரைக்கும் பனிமூட்டம். அல்ஸ்ஃபெல்ட் அருகே நெடுஞ்சாலை ஓய்விடம் ஒன்றில் நிறுத்தினோம். கழிவறைக்கு ஒரு யூரோ, காபிக்கு நாலரை யூரோ. வெளியே மர மேசையில் உட்கார்ந்து, அவர் கொண்டுவந்திருந்த சம்பல் சாண்ட்விச்சைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவராகவே பேச்சை எடுத்தார்.

"நீங்கள் இந்தியாவில இருந்து பாக்கிறியள். உங்களுக்குப் புத்தர் எண்டால் அமைதி, தியானம். எங்கட இடத்தில புத்தர் ஆமிக்குப் பின்னால வந்தவர். முதல்ல முகாம் வரும், பிறகு சந்தியில அரசமரத்துக்குக் கீழ ஒரு சிலை வரும், பிறகு அந்தக் காணி எங்கட இல்லை எண்டு வரும். போன முறை ஊருக்குப் போனனான். நான் படிச்ச பள்ளிக்கூடத்துக்கு முன்னால ஒண்டு நிக்குது. எனக்கு அந்த முகத்தைப் பாத்தால் அமைதி வராது."

புத்தர் என்றால் எனக்குப் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஒரு பக்கம். தலையாட்டிவிட்டுக் காபியைக் குடித்தேன்.

பத்து மணிக்கெல்லாம் ஃபுல்டா ஆற்றை ஒட்டிய அந்தத் தொழிற்பேட்டைக்குள் நுழைந்துவிட்டோம். ஒரு பக்கம் தரை ஓடு மொத்தக் கடை, மறுபக்கம் டயர் மாற்றும் கூடம். இரண்டுக்கும் நடுவில், மஞ்சள் சுவரும் நுனி மேல்நோக்கி வளைந்த பச்சைக் கூரைகளுமாக, ஏழு நிலைக் கோபுரம். ஹாம்பர்க், மியூனிக், ஹாலந்து எண் பலகைகளோடு கார்கள் தெரு முழுக்க நின்றன. ஜெர்மனியிலேயே ஈழத்தமிழர் கட்டிய ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் கோயில் தேருக்குப் போயிருக்கிறவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. அங்கேயும் தொழிற்பேட்டைதான், இங்கேயும் தொழிற்பேட்டைதான். இந்த நாட்டுக்குப் பிந்தி வந்த கடவுள்களுக்குக் கிடைக்கிற மனை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது.

அக்கா டயர்க் கூடத்தின் ஓரம் காரை நிறுத்தி, இருக்கையைச் சாய்த்துக்கொண்டார். நான் மட்டும் உள்ளே போனேன்.

வாசலில் ஒரு மேசை. அதன்மேல் இரண்டு தட்டுகள், ஒன்றில் சிவப்பு ரோஜா, ஒன்றில் வெள்ளை ரோஜா. துணியில் செய்தவை அல்ல, நிஜப் பூக்கள். மாயின் கடையிலிருந்து வந்தவை என்று பிறகு தெரிந்தது. நீல நிற நீள உடை அணிந்த ஒரு பெண்மணி என்னை நிறுத்தி ஜெர்மன் மொழியில் கேட்டார்.

"உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா?"

காலையில்தான் பக்கோடாவைப் பற்றிப் பேசினோம் என்று சொல்லத் தோன்றியது. "இருக்கிறார்" என்றேன். சிவப்பு ரோஜா ஒன்றை எடுத்து என் சட்டையில் குத்திவிட்டார். தாய் இருப்பவர்களுக்குச் சிவப்பு, இல்லாதவர்களுக்கு வெள்ளை. துறவிகளுக்கு மஞ்சள் என்று மூன்றாவதாக ஒரு சிறு கிண்ணமும் இருந்தது. உள்ளே போகும் ஒவ்வொருவரின் நெஞ்சிலும் அவரவர் தாயின் செய்தி தெரிந்தது. வெள்ளை குத்தியவர்களிடம் சிவப்புக் குத்தியவர்கள் ஒரு நொடி கூடுதலாக மரியாதை காட்டி வழிவிடுவதைப் பார்த்தேன்.

விருந்தினர்களுக்கு ஜெர்மன் மொழியில் சுற்றிக்காட்ட ஒரு பிக்குணி வந்தார். மழித்த தலை, பழுப்பு அங்கி, காசல் வட்டார உச்சரிப்பு. எங்கள் கூட்டத்தில் பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஜெர்மானியர்கள். ஓடு மொத்தக் கடைக்காரரும் ஒருவர்.

பகோடாவின் வியட்நாமியப் பெயருக்கு "அமைதிக் கரை" என்று பொருளாம். கடல் இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது, பிறகு ஏன் கரை என்று ஒருவர் கேட்டார். "கட்டியவர்கள் எல்லோரும் கடலில் தத்தளித்தவர்கள்" என்றார் பிக்குணி. ஏழாவது நிலையில் ஒரு விளக்கு இருக்கிறது. மாலையானால் ஏற்றுவார்கள். இன்னும் கரை சேராதவர்களுக்கு அது தெரியும் என்பது நம்பிக்கை. உடலோடு இருப்பவர்களையும் சேர்த்துத்தான், உடல் போனவர்களையும் சேர்த்துத்தான்.

கோபுரத்தின் அடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிறிய வெள்ளிச் சிமிழ். தகனத்தில் எஞ்சிய புத்தரின் தாது என்று சொல்லப்படும் அரிசி மணியளவு துணுக்குகள் அதற்குள் இருக்கின்றன. பக்தியோடு பூசை நடக்கும் இடத்தில் அவை எண்ணிக்கையில் பெருகும் என்பது ஐதீகம். "இங்கே பெருகியிருக்கிறதா?" என்று ஓட்டுக் கடைக்காரர் ஆவலாகக் கேட்டார். "நான் எண்ணிப் பார்ப்பதில்லை. எண்ணினால் அது வியாபாரம்" என்றார் பிக்குணி. கடைக்காரர்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

முற்றத்தில் வெள்ளைச் சலவைக்கல்லில் ஆளுயரத்துக்கு இருமடங்கு உயரமான பெண்ணுருவம். பெயர் குவான் அம். உலகத்தின் அழுகுரலைக் கேட்பவள் என்று பொருள். ஒரு கையில் சிறு குடம், மறு கையில் மெல்லிய கிளை. இவள் இங்கே வந்து சேர்ந்த கதைதான் இந்தப் பகோடாவின் தலபுராணம். வியட்நாமில் செதுக்கி, கப்பலில் ஹாம்பர்க் வந்து, தெற்கே வேறு ஓர் ஊரில் வாங்கியிருந்த மனைக்கு லாரியில் போய்க்கொண்டிருந்தாளாம். இந்த இடத்துக்கு வந்ததும் லாரி நகரவில்லை. பழுதுபார்த்தும் நகரவில்லை. அப்போது இங்கிருந்த செங்கல் சூளையின் சொந்தக்காரர், சிலையை மழையில் நிறுத்தாதீர்கள் என்று தன் கொட்டகையைத் திறந்துவிட்டார். அவள் இடத்தைத் தேர்ந்துவிட்டாள் என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, சிலிர்ப்பும் வந்தது. மாட்டு வண்டி நகரவில்லை, அம்மன் இங்கேயே இருக்க ஆசைப்பட்டாள் என்று தாமிரபரணிக் கரையில் எத்தனை கோயிலில் கேட்டிருக்கிறேன்! வண்டி மாறியிருக்கிறது, அம்மனின் பிடிவாதம் மாறவில்லை.

அடுத்து பிக்குணி சொன்னது என்னை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டது. குவான் அம் முதலில் இந்தியாவில் அவலோகிதர் என்ற ஆண் வடிவம். அவர் இருப்பிடம் தென்கடலுக்கு அருகே பொதலகம் என்னும் மலை. நாடு கடக்கக் கடக்கப் பெண்ணானாள், தாயானாள். பொதலகம் என்பது பொதிகை மலைதான் என்று ஆராய்ச்சியாளர் சிலர் கருதுவதாக எங்கோ படித்திருக்கிறேன். அதெல்லாம் நிச்சயமா என்று எனக்குத் தெரியாது. ஆனால் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது எதிரே தெரிவது பொதிகை. புத்தர் கோயிலில் நமக்கு என்ன சோலி என்று அம்மா கேட்டதற்கு, இந்தா, ஒரு பதில்.

கடைசியாகப் பிரார்த்தனைக் கூடத்தின் சுவரோவியத்தைக் காட்டினார். அன்றைய விழா எதற்காக என்பதன் கதை அது. புத்தரின் சீடர்களில் மொக்கல்லானர் என்பவருக்கு ஞானக்கண் கிடைத்ததும் முதலில் இறந்துபோன தன் தாயைத் தேடினார். அவள் பசித்த பேயாக, ஊசித் தொண்டையும் பானை வயிறுமாக அலைந்துகொண்டிருந்தாள். ஒரு கிண்ணம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாயருகே கொண்டுபோனதும் சோறு தணலாகிவிட்டது. எவ்வளவு பெரிய துறவியானாலும் தனியொருவனால் அந்தப் பசியை ஆற்ற முடியாது, எல்லோரும் சேர்ந்து படைத்தால் ஆறும் என்று புத்தர் சொன்னார். அப்படிப் படைத்த முழுநிலா நாள் இது. ஓவியத்தில் அந்தத் தாயின் கண்கள் கிண்ணத்தில் இல்லை. மகன்மேல் இருந்தன.

நான் முற்றத்துக்குத் திரும்பியபோது, வாசலில் வதனி அக்கா நின்றுகொண்டிருந்தார். காருக்குள் ஒன்றரை மணி நேரம் இருந்தவருக்குக் கழிவறைக்குப் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமையாதலால் டயர்க் கூடம் பூட்டிக் கிடந்தது. பகோடாவின் கழிவறை முற்றத்துக்குப் பின்னால். அதற்குப் போக ரோஜா மேசையைத் தாண்டத்தான் வேண்டும்.

நீல உடைப் பெண்மணி அவரையும் அதே புன்னகையோடு நிறுத்தினார். "உங்கள் அம்மா உயிரோடு இருக்கிறாரா?"

"தெரியாது" என்றார் அக்கா.

அந்தப் பெண்மணியின் கை சிவப்புத் தட்டுக்கும் வெள்ளைத் தட்டுக்கும் நடுவில் நின்றுவிட்டது. அக்கா அவரைத் தாண்டி நேரே கழிவறைப் பக்கம் நடந்தார். நான் என் சட்டையில் இருந்த சிவப்பு ரோஜாவைக் கையால் மறைத்துக்கொண்டேன். அக்காவை எனக்கு மூன்று வருடமாகத் தெரியும். அம்மாவைப் பற்றிக் கேட்டால் "அம்மா ஊரில" என்பார். அதற்குமேல் நான் கேட்டதில்லை.

திரும்பி வந்தவர் காருக்குப் போகவில்லை. குவான் அம் சிலைக்கு எதிரே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"கடைசியாக் கதைச்சது புதுக்குடியிருப்பில இருந்து. ஒரு நிமிசம்தான். 'நீ சுகமா இரு' எண்டா, கட்டாயிட்டுது. போர் முடிஞ்சாப்பிறகு ஒருத்தர் சொன்னார், மாத்தளன் பக்கம் அம்மா இருந்த பங்கருக்கு மேல ஷெல் விழுந்தது எண்டு. இன்னொரு அக்கா சொன்னா, அதுக்குப் பிறகு வவுனியாவுக்குப் போன பஸ்ஸில கண்டவவாம், பச்சைச் சீலையாம். ரெண்டு பேரும் பொய் சொல்லுற ஆக்கள் இல்லை, கோமதி. எல்லா முகாமிலயும் தேடியாச்சு. எல்லா இடமும் எழுதிக் குடுத்தாச்சு."

பாரிசில் அவருடைய அண்ணன் இருக்கிறார். யாழ்ப்பாணம், வன்னிப் பக்கம் தாயை இழந்தவர்கள் சித்திரை மாதப் பௌர்ணமிக்கு விரதம் இருப்பார்கள். தாய் இருப்பவர்கள் வழக்கம்போலச் சாப்பிடுவார்கள். சித்திரைப் பறுவம் என்று அதற்குப் பெயர். அண்ணன் அந்த விரதத்தைத் தொடங்கிவிட்டார்.

"ஒவ்வொரு வரியமும் ஃபோன் எடுத்து, 'நீ இன்னும் பிடிக்கேல்லையோ' எண்டு கேப்பார். நான் அண்டைக்கு வேணுமெண்டே வயிறு முட்டச் சாப்பிடுவன். நான் விரதம் பிடிச்சால் நானே அவவைச் சாக்காட்டினமாதிரி எல்லோ? அதைச் சொன்னனான். 'அப்ப நான் சாக்காட்டிப்போட்டன் எண்டு சொல்லுறியோ' எண்டார். அதோட கதையில்லை. மூண்டு வரியமாச்சு. ஏதும் எண்டால் அண்ணி எனக்கு எடுப்பா."

அப்போது மாய் தேநீரோடு வந்தார். பின்னால் அவர் கணவர் ஹுங், எழுபதை நெருங்குபவர், வெள்ளை ரோஜா குத்தியிருந்தார். ரோஜா மேசையில் நடந்தது அவர்கள் காதுக்குப் போயிருந்தது. மாய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவர் தோளைப் பிடித்துக் குணமாக்கிய கை அது.

ஹுங் சிலையைக் காட்டி என்னிடம் சொன்னார்: "லாரி கதை கேட்டிருப்பீர்களே? அந்த லாரியில் நான் இருந்தேன். அச்சு முறிந்தது. அதுதான் நடந்தது. ஆனால் ஏன் இந்த இடத்தில் முறிந்தது என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை."

அக்கா ஜெர்மன் மொழியில் அவரிடம் கேட்டார். குரல் உயரவில்லை. "இவள் அழுகுரலைக் கேட்பவள் என்கிறீர்கள். எங்கள் ஆட்கள் ஒரு கடற்கரை முழுக்க நின்று கத்தினார்கள். அன்றைக்கு ஏன் கேட்கவில்லை?"

ஹுங் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு தன் கதையைச் சொன்னார். ஒரே மாலையில் ஒரே ஆற்று முகத்திலிருந்து இரண்டு படகுகள் கிளம்பின. முதல் படகில் ஹுங். அதில் இடம் இல்லாததால் அவர் தாய் இரண்டாவதில் ஏறினார். முதல் படகு நடுக்கடலில் இயந்திரம் நின்று மிதந்தது. தண்ணீர் தீர்ந்துபோன ஒரு இரவில், வெள்ளை உடையணிந்த பெண் ஒருத்தி கையில் விளக்கோடு கடல்மேல் நிற்பதைப் படகில் இருந்தவர்கள் கண்டார்கள். அந்தத் திசையிலிருந்து ஒரு கப்பல் வந்து எல்லோரையும் ஏற்றிக்கொண்டது.

"நான் அவளைப் பார்க்கவில்லை. கப்பல் விளக்கைத்தான் பார்த்தேன். என் பக்கத்தில் இருந்தவர் இன்றைக்கும் சத்தியம் செய்வார். இரண்டாவது படகைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. நீங்கள் கேட்ட கேள்வியை நானும் இவளிடம் வருடாவருடம் கேட்கிறேன். என் படகைக் கேட்டவள் அம்மாவின் படகை ஏன் கேட்கவில்லை என்று. இவள் பதில் சொன்னதில்லை. நானும் கேட்பதை நிறுத்தவில்லை."

அக்கா அவர் நெஞ்சில் இருந்த வெள்ளை ரோஜாவைப் பார்த்தார். "தகவல் இல்லை என்கிறீர்கள். பிறகு எப்படி வெள்ளை?"

"பல வருடம் சிவப்புத்தான் குத்தினேன். மாயிடம் சண்டை போட்டிருக்கிறேன், எனக்கு வெள்ளையை நீட்டாதே என்று." மாய் ஆமாம் என்று தலையாட்டினார். "ஒருநாள் இந்தக் கூடத்தில் அந்த ஓவியத்தின் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். அம்மா உயிரோடு இருந்தால் எங்கோ, யார் வீட்டிலோ, ஒரு வாய் சாப்பிடுவாள். இறந்திருந்தால், நாங்கள் கூப்பிட்டுப் படைத்தால்தான் அவளுக்குச் சாப்பாடு. எனக்கு எது உண்மை என்று தெரியாது. எந்தப் பக்கம் தவறு செய்தால் அவளுக்குப் பசி குறைவு என்று பார்த்தேன்."

"அவர் உயிரோடு இருந்து, நீங்கள் இறந்தவர் வரிசையில் வைத்திருந்தால்?"

"வந்து என்னைத் திட்டட்டும்" என்றார் ஹுங். "நன்றாகத் திட்டுவாள். அதைக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?"

சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. மாய் எழுந்து அவர் சட்டைக் காலரைச் சரிசெய்வதுபோல் ஏதோ செய்தார்.

பன்னிரண்டு மணிக்குக் கூடத்தில் மணி அடித்தது. மீன் வடிவில் குடைந்த மரத்தைத் தட்டும் ஓசையோடு ஓதல் தொடங்கியது. நான் உள்ளே போய் ஒரு தூணருகே உட்கார்ந்தேன். மொழி புரியாவிட்டாலும் முந்நூறு பேர் ஒரே மூச்சில் ஓதுவது உடம்புக்குப் புரிகிறது. அக்கா வெளியேதான் இருந்தார். கதவு வழியாக அவர் முதுகு தெரிந்தது. சிலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

ஓதல் முடிந்ததும் எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். அங்கே நீளமான மேசை போட்டு, கஞ்சி, பொரி, உப்பு, வேகவைத்த கிழங்கு, பழம் எல்லாம் பரப்பியிருந்தார்கள். இது யாரென்று தெரியாதவர்களுக்கான படையல் என்று மாய் சொன்னார். கடலில் போனவர்கள், வழியில் போனவர்கள், பெயர் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லாதவர்கள். ஒவ்வொருவராகப் போய் ஒரு கரண்டி கஞ்சியைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி வைத்தார்கள். ஓட்டுக் கடைக்காரரும் போய் ஊற்றினார்.

அக்கா எழுந்தார். வரிசைக்கு வருவார் என்று நினைத்தேன். அவர் வாசலுக்குப் போனார். போய்விட்டார், காருக்குத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் ரோஜா மேசையருகே நின்றார். நீல உடைப் பெண்மணி இந்தமுறை எதுவும் கேட்கவில்லை. எழுந்து நின்று, இரண்டு தட்டையும் அவர் பக்கம் நகர்த்திவைத்தார். அக்கா வெகுநேரம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் வந்த ஒரு குடும்பம் பொறுமையாகக் காத்திருந்தது. வெள்ளையை எடுத்தார். தானே குத்தப் பார்த்தார். நாளெல்லாம் மற்றவர்களின் எலும்பையும் தசையையும் சரியாகக் கையாளுகிற விரல்களுக்கு அந்தக் குண்டூசி பிடிபடவில்லை. அந்தப் பெண்மணி வாங்கிக் குத்திவிட்டு, அவரைக் கட்டிக்கொண்டார்.

அப்போதுதான் அக்கா அழுதார். நான் அவரிடம் ஓடவில்லை. ஓடியிருக்கக் கூடாது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பிறகு அவர் வந்து வரிசையில் நின்றார். கஞ்சியை ஊற்றும்போது உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. புத்தர் சிலை இருந்த கூடத்துக்குள் கடைசிவரை அவர் போகவில்லை. யாரும் வரச் சொல்லவுமில்லை.

மதியச் சாப்பாடு எல்லோருக்கும் பொது. காளான் போட்ட நூடுல்ஸ், சோயாக்கட்டி வறுவல், பப்பாளிக்காய் சாலட். வெள்ளை ரோஜாக்காரர்கள் தங்கள் தாய்களைப் பற்றிப் பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். அழுகை ஒன்றும் இல்லை. ஒருவர் தன் தாய் சீட்டாட்டத்தில் எப்படி ஏமாற்றுவாள் என்று நடித்துக் காட்ட மேசையே குலுங்கியது. அக்கா கேட்டுக்கொண்டிருந்தார். கிளம்பும்போது மாய் இரண்டு டப்பாக்களில் சாப்பாட்டைக் கட்டிக் கொடுத்தார். ஹுங் காருக்கு அருகே வரை வந்து, "அடுத்த வருடம் எந்த நிறம் வேண்டுமானாலும் குத்துங்கள். மாற்றினால் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள்" என்றார்.

மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். நான் போனது கோபுரத்தின் கதைகளைக் கேட்டுக்கொண்டு வர. சிமிழுக்குள் பெருகும் மணிகள், நகர மறுத்த லாரி, கடல்மேல் நின்ற பெண் எல்லாம் குறித்துக்கொண்டேன். நம்புகிறாயா என்று கேட்டால் விழிப்பேன். ஆனால் அந்தக் கதைகளால் ஒரு காரியம் நடப்பதைக் கண்ணால் பார்த்தேன். எந்த அரசாங்கமும், எந்த முகாமும் பதில் சொல்லாத ஒரு கேள்வியைத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறவர்களுக்கு, அதைக் கொஞ்சநேரம் இறக்கிவைக்க ஓர் இடம் வேண்டியிருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில்களையும் இனி அப்படித்தான் பார்ப்பேன் என்று தோன்றுகிறது.

கீசனுக்கு முன்னால் ஒரு வாகன நிறுத்தத்தில் அக்கா காரை ஒதுக்கினார். கைப்பேசியை எடுத்து, சற்று யோசித்து, அழைத்தார். கார் ஒலிபெருக்கியில்தான் மணி போனது. வெளியே போகவா என்று சைகையில் கேட்டேன். இருங்கோ என்று கை காட்டினார்.

"ஹலோ?" ஓர் ஆண் குரல். பிறகு கொஞ்சம் பயத்தோடு, "வதனியோ? என்ன, ஏதும் பிரச்சினையோ?"

"ஒரு பிரச்சினையும் இல்லை அண்ணா. ஒண்டு கேக்கோணும்."

"சொல்லு."

"அம்மாவுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?"

இணைப்புப் போய்விட்டதோ என்று நான் திரையைப் பார்த்தேன்.

"நான் பத்து வயசில வந்திட்டன்" என்றார் அக்கா. "எங்களுக்குப் போட்டிட்டு அவ பிறகுதான் சாப்பிடுறவ. என்ன சாப்பிட்டவ எண்டு நான் ஒருநாளும் பாக்கேல்லை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் எண்டு..."

அண்ணன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "இராசவள்ளிக்கிழங்கு" என்றார். "களியாக் காய்ச்சி, கனக்கச் சீனி போட்டு, தேங்காய்ப்பால் விட்டு. எங்களுக்கு எல்லாம் கிண்ணத்தில தந்திட்டு, தான் சட்டியோட வைச்சு வழிச்சுச் சாப்பிடுவா. நான் ஒருநாள் கண்டிட்டன். 'ஒருத்தருக்கும் சொல்லாதை' எண்டு எனக்கும் ஒரு வாய் தீத்தினவ."

அக்கா சிரித்தார். அன்று காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அண்ணன் நிறுத்தவில்லை. அம்மாவுக்குப் பாகற்காய் ஆகாது, சைக்கிள் ஓடத் தெரியும், மழை வந்தால் வாசலில் நின்று நனைவா என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அக்கா காரை மறுபடி கிளப்பினார். மூன்று வருடத்தில் பேசாததையெல்லாம் ஃபிராங்ஃபுர்ட் உயரக் கட்டடங்கள் தெரியும்வரை பேசினார்கள். விரதத்தைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அழைப்பு முடிந்ததும் அக்கா கேட்டார்: "கோமதி, ஃபிராங்ஃபுர்ட் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில எங்கட தமிழ்க் கடை எத்தினை மணிக்குப் பூட்டுவினம்? அங்க பெட்டியில உறைஞ்ச இராசவள்ளி இருக்கும்."

கைப்பேசியில் பார்த்தேன். எட்டு மணி வரை திறந்திருக்கும்.

"ஆனா அக்கா, பறுவம் சித்திரையிலதானே? இன்னும் ஏழெட்டு மாசம் இருக்கே."

அவர் வலப்பக்க விளக்கைப் போட்டு, நகருக்குள் பிரியும் பாதையில் காரைத் திருப்பினார்.

"அதுவரைக்கும் அவவைப் பட்டினி போட ஏலாது" என்றார்.